மிஸோபுச்சி குடித்துக் காட்டிய மருந்து

கூட்டத்துக்கு முன்னால் நின்று பூச்சிமருந்து குடிப்பது மிஸோபுச்சி தொகுஹேயின் தொழில் அல்ல. அவர் தொழில் பூச்சிமருந்து விற்பது. குடிப்பது எப்படியோ அதோடு வந்து ஒட்டிக்கொண்டது.

கோச்சிச் சமவெளியில் மொனோபே ஆற்றங்கரையை ஒட்டிய ஊர் அது. அங்கே வருடத்துக்கு இரண்டு போகம் நெல். பூச்சிகளுக்கும் அதனால் வருடத்துக்கு இரண்டு பந்தி. உரமும் மருந்தும் தெளிப்பானும் விற்கும் அந்தக் கடையை வைத்தவர் அவர் மனைவி ஷிகேயோவின் அப்பா. தொகுஹேய் அந்த வீட்டுக்கு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, மாமனாரின் குடும்பப் பெயரையே தனக்கும் சூட்டிக்கொண்டவர். பெயர்ப் பலகையில் இருப்பது தன் பெயரா மாமனார் பெயரா என்று அவருக்கே உறுதியில்லாத காலமும் இருந்தது. மாமனார் போன பிறகு கல்லாவில் உட்கார்ந்தது ஷிகேயோ. சைக்கிளில் ஊர் ஊராகப் போய்ப் பேசுவது தொகுஹேயின் வேலை. பேச்சு அவருக்கு நன்றாக வரும். அது ஒன்றுதான் அவர் கொண்டுவந்த சீர்.

போர் முடிந்த கையோடு வந்த மருந்து கொடியது. போத்தலில் மண்டை ஓடு போட்டிருக்கும். தெளித்த வயலில் சிவப்புக் கொடி நட வேண்டும். தண்டுத் துளைப்பானை அது கொன்றது உண்மை. தெளித்தவர்களையும் அது பாகுபாடு பார்க்காமல் நடத்தியது. அப்படிப் போன ஒருவரின் மனைவி, காரியம் முடிந்த மறுநாள் கடைக்கு வந்து, பாதி தீர்ந்த போத்தலைக் கல்லா மேல் வைத்தாள்.

"மீதி இருக்கு. வீணாப் போக வேண்டாம். வேற யாருக்காவது குடுங்க."

திட்டியிருந்தால் தொகுஹேய் தாங்கியிருப்பார். அந்தப் பெண் தலை வணங்கிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு பல நாள் அவர் சைக்கிளை எடுக்கவில்லை.

ஆகவே ஒசாகாவிலிருந்து மருந்துக் கம்பெனிக்காரர் ஒருவர் புது மருந்தோடு வந்து இறங்கியபோது, ஊரில் யாரையும்விட மகிழ்ந்தது தொகுஹேய்தான். கடையின் உள்ளறையில் பச்சைத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே அந்த மனிதர் விளக்கினார்.

"மிஸோபுச்சி-சான், இந்த மருந்து போத்தல்ல இருக்கும்போது உறைக்குள்ள இருக்கிற கத்தி மாதிரி. யாரையும் வெட்டாது. பூச்சியோட உடம்பு இருக்கே, அது அவசரக் குடுக்கை. உள்ள வந்ததும் உறையை உருவிப் பாக்கும். கத்தி வெளிய வந்து அதையே குத்தும், நரம்பு இழுத்துக்கிட்டுச் செத்துப்போகும்."

"நம்ம உடம்பு?"

"நம்ம உடம்பும் கொஞ்சம் உருவத்தான் செய்யும். ஆனா நம்ம ஈரல்ல ஒரு வேலைக்காரன் இருக்கான். உறையை உருவுறதுக்கு முன்னாடியே கத்தியை ரெண்டா ஒடிச்சு மூத்திரத்துல அனுப்பிடுவான். மாட்டுக்கும் அப்படித்தான், நாய்க்கும் அப்படித்தான். பூச்சிகிட்ட அந்த ஆளு போதுமான அளவு இல்ல. வித்தியாசம் அவ்வளவுதான்."

தொகுஹேய்க்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மனிதன் பூச்சியைவிட உயர்ந்தவன் என்று கோவிலில் சொல்லக் கேட்டிருக்கிறார். அது ஈரலில் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது.

விவசாயிகள் சங்கத்துக் கூட்டத்தில் இதை அப்படியே எடுத்துச் சொன்னார். யாரும் சிலிர்க்கவில்லை. முன்வரிசையில் குசுனோசே உட்கார்ந்திருந்தார். நாலு பேருக்கு இருக்க வேண்டிய குரலும் எருமைக் கழுத்தும் உள்ள விவசாயி.

"போன மருந்துக்கும் இப்படித்தான் ஒருத்தன் வந்து இனிக்க இனிக்கப் பேசினான்" என்றார் குசுனோசே. "அவ்வளவு சாதுவான மருந்துன்னா நீயே ஒரு வாய் குடியேன், பாப்போம்."

எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் முடிந்ததும் சாக்கே என்ற அரிசி மது குடிப்பதற்காக மூலையில் கிண்ணங்கள் அடுக்கியிருந்தன. அதில் ஒன்று தெங்குக் கிண்ணம். தெங்கு என்பது மலையில் திரியும் நீளமூக்குப் பூதம். அதன் முகம்போலவே செய்த கிண்ணம் அது. மூக்கு நுனி வரை நிரம்பும், கீழே வைத்தால் கவிழும். கையில் வாங்கினால் காலி செய்துவிட்டுத்தான் வைக்க முடியும். அந்த ஊர்க்காரர்கள் ஒருவரையொருவர் கவிழ்ப்பதற்கென்றே கண்டுபிடித்தது. யாரோ அதை எடுத்து தொகுஹேயின் கையில் திணித்தார்கள்.

அந்தப் போத்தலைத் திருப்பிக் கொடுத்த பெண்ணின் முகம் அவர் நினைவுக்கு வந்ததா, அல்லது வீட்டோடு மாப்பிள்ளை என்ற பட்டம் நினைவுக்கு வந்ததா, அவரே பின்னால் மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறார். வயலுக்குக் கலக்கும் அளவில் வாளியில் மருந்தைக் கலக்கி, கிண்ணத்தில் மொண்டு, மூக்கு காலியாகும் வரை குடித்தார். அழுகின பூண்டு வாடை. கண்ணில் நீர் வந்தது. கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார்.

முன்வரிசையில் இருந்தவர்கள், அவர் விழுந்தால் இடம் வேண்டுமே என்று, கொஞ்சம் பின்னால் நகர்ந்தார்கள்.

வீட்டுக்குப் போனதும் ஷிகேயோ விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க ஈரல்தானே? கல்யாணத்தன்னிலேர்ந்து சாக்கே சாக்கேன்னு அதுக்கு ஓய்வே குடுத்ததில்ல. இப்ப இந்த வேலையும் வேறயா? பாவம், அதுக்கும் ஒரு சங்கம் இருந்தா வேலைநிறுத்தம் பண்ணியிருக்கும்."

மறுநாள் கடை வாசலில் கூட்டம். மருந்து வாங்க வரவில்லை. தொகுஹேய் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்க வந்தார்கள். அவர் வாசல் பெருக்கிக்கொண்டிருந்ததைப் பார்த்துச் சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். வந்ததற்கு ஆளுக்கொரு போத்தல் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அந்த மருந்தின் பெயரும் நெடுந்தூர ஓட்டப்பந்தயத்தின் பெயரும் அவர்கள் வாயில் ஒன்றுபோலத்தான் வரும். ஆகவே வாழ்நாளில் பேருந்துக்காகக்கூட ஓடியிராத தொகுஹேய்க்கு 'மாரத்தான்' என்று பெயர் வந்தது. ஊருக்கு ஊர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் கத்தி, உறை, வேலைக்காரன் கதை. பிறகு ஒரு கிண்ணம். "பூச்சி முட்டாள்! கத்தியை உருவத் தெரியும், ஒடிக்கத் தெரியாது!" என்று அவர் முடிக்கும்போது குழந்தைகள்கூடக் கைதட்டும். அவர் செய்தது நல்லது என்றும் சொல்ல வேண்டும். சிவப்புக் கொடிகள் குறைந்தன. தெளிக்கப் போனவர்கள் மாலையில் வீடு திரும்பினார்கள். நெஞ்சில் பாரமில்லாமல் மருந்து விற்க முடிந்த அந்த ஆண்டுகள்தான் தன் வாழ்க்கையில் நல்ல ஆண்டுகள் என்று தொகுஹேய் நம்பினார். சாப்பிட்டுவிட்டு எழும்போது தன் வலது விலாவைத் தட்டிக்கொடுக்கும் பழக்கமும் அவருக்கு வந்திருந்தது.

பிறகு தத்துப்பூச்சிகள் சாகாமல் போக ஆரம்பித்தன.

பச்சைத் தத்துப்பூச்சி அரிசி மணியைவிடச் சின்னது. சாறு உறிஞ்சும். உறிஞ்சினாலும் பரவாயில்லை, நெற்பயிருக்குக் குட்டை நோயைக் கொண்டுவந்து விட்டுப் போகும். முதல் போகத்தில் சில வயல்களில் தெளித்த பிறகும் பூச்சி குதித்தது. தெளித்தவன் சரியாகத் தெளித்திருக்க மாட்டான் என்றார் தொகுஹேய். இரண்டாம் போகத்தில் இருமடங்கு தெளித்தார்கள். பூச்சி இலையின் மறுபக்கம் போய் உட்கார்ந்துகொண்டது, சாரலுக்கு ஒதுங்கினவனைப்போல. குட்டை நோய் விழுந்த வயல்கள் ஆங்காங்கே வட்டம் வட்டமாக வளராமல் நின்றன.

குசுனோசே கடைக்குள் செருப்போடு ஏறி வந்தார்.

"மாரத்தான்! ஒரு விஷயம் இப்பத்தான் எனக்கு உறைச்சது. இத்தனை வருஷமா நீ குடிக்கிற, சாகல. இப்பப் பூச்சியும் குடிக்குது, சாகல. அப்ப போத்தல்ல இருக்கிறது என்ன? தண்ணிதானேய்யா!"

தொகுஹேய் ஒரு போத்தலை எடுத்துக் கல்லா மேல் வைத்தார். இத்தனை காலம் அவர் நேர்மைக்குச் சாட்சியாக இருந்த கிண்ணம், ஒரே வாக்கியத்தில் கட்சி மாறிவிட்டது.

"முத்திரை உடைக்காத போத்தல் குசுனோசே-சான், உங்க கண்ணு முன்னாடியே திறக்கிறேன்..."

"திற. குடி. அதான் உனக்குத் தெரியுமே!"

கல்லாவிலிருந்து ஷிகேயோ எழுந்தாள். "செருப்பைக் கழட்டிட்டுக் கத்துங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்து இந்தக் கடையில தண்ணி வித்ததில்ல. தண்ணி வேணும்னா ஆத்துல ஓசியிலயே கிடைக்குது."

குசுனோசே செருப்பைக் கழற்றினார். கத்துவதை நிறுத்தவில்லை. அந்த வாரமே ஊர் முழுக்கப் பேச்சு: மாப்பிள்ளை மருந்தில் தண்ணீர் கலக்கிறார், அதனால்தான் அவ்வளவு தைரியமாகக் குடிக்கிறார். கூட்டத்துக்குக் கூப்பிடுவது நின்றது. எதிரே வருபவர்கள் ஓட்டப்பந்தயத்தில் ஓடுவதுபோல் கையை ஆட்டிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

வேளாண் ஆய்வு நிலையத்திலிருந்து ஹிசாதாகே என்ற இளம் ஆராய்ச்சியாளர் வந்தார். ஒல்லியான மனிதர், கண்ணாடியைத் துடைத்தபடியே பேசுவார். வலை வீசிப் பூச்சி பிடித்துக்கொண்டு போய், சில வாரங்கள் கழித்துக் கடைக்குத் திரும்பி வந்தார். முகத்தில் ஒரு கண்டுபிடிப்பின் களை.

"உங்க மருந்துல ஒரு குறையும் இல்ல மிஸோபுச்சி-சான். சுத்தமா இருக்கு."

"இதை ஒலிபெருக்கி வெச்சு ஊருக்குச் சொல்லுங்க!"

"பூச்சிதான் மாறியிருக்கு. நீங்க கூட்டத்துல சொல்வீங்களாமே, ஈரல்ல ஒரு வேலைக்காரன்னு? அதே மாதிரி வேலைக்காரன் இப்ப அதுங்ககிட்டயும் ஏராளமா இருக்கான். அங்கங்க ஒண்ணு ரெண்டு பூச்சிகிட்ட முன்னாடியே இருந்திருக்கணும். நாம மத்ததையெல்லாம் கொன்னுட்டோம். மிச்சம் இருந்ததுங்க பிள்ளைகுட்டி பெத்துப் பெருகிடுச்சு. இப்ப அதுங்களும் நம்மள மாதிரியே ஒடிச்சு வெளிய தள்ளுதுங்க." அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகிழ்ச்சியாகச் சிரித்தார். "சுருக்கமாச் சொன்னா, அதுங்க உங்களை மாதிரி ஆயிடுச்சு."

தொகுஹேய் சிரிக்கவில்லை. இத்தனை வருடம் முட்டாள் முட்டாள் என்று மேடைபோட்டுத் திட்டிய பூச்சி, சத்தமில்லாமல் பாடம் படித்துத் தேறியிருந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் நடத்தியது அவர்தான்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. நெல்லில் பூஞ்சையால் வரும் குலைநோய் விழுந்தது. அதற்கென்று ஒரு புதுப் பூசண மருந்தும் கடைக்கு வந்திருந்தது. குசுனோசேக்கு ஒரே வயலில் இரண்டு தடவை இறங்கச் சோம்பல். பூச்சிமருந்தையும் பூசண மருந்தையும் ஒரே தொட்டியில் கொட்டிக் கலக்கித் தெளித்தார். மறுநாள் வயல் தண்ணீரில் தத்துப்பூச்சிகள் தவிடு தூவினாற்போல் மிதந்தன.

சேதி கேட்டுத் தொகுஹேய் சைக்கிளில் பறந்தார். வரப்பில் குந்தி, அந்தத் தண்ணீரைக் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார். இழந்த மானம் உள்ளங்கையில் மிதந்தது.

"ரெண்டும் சேந்தா வேலை செய்யுது குசுனோசே-சான்!"

"செய்யுதுதான். அப்ப ஒண்ணு தண்ணி, ஒண்ணு மருந்து. எது எதுன்னு உனக்குத் தெரியும்."

ஹிசாதாகேயிடம் சொன்னபோது அவர் துள்ளிக் குதித்தார். "ரொம்பச் சுவாரசியமா இருக்கே! பொறுங்க, காரணம் என்னன்னு பாத்துடறேன். அதுவரைக்கும் யார்கிட்டயும் எதுவும் சொல்லாதீங்க." யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று தொகுஹேய் தலையாட்டினார். தலையாட்டிய அன்றே குசுனோசேயின் வயலில் செயல்விளக்கக் கூட்டம் என்று மூன்று ஊருக்கு ஆள் அனுப்பினார்.

நல்ல வெயில் அன்று. காலையிலிருந்து அவரே முதுகில் தெளிப்பானைச் சுமந்து, காற்று எதிர்த்து அடிக்க அடிக்க, முகமூடியில்லாமல் அந்தக் கலவையைத் தெளித்துக் காட்டினார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. ஜனங்கள் வரப்பில் வரிசையாக உட்கார்ந்து, பூச்சி விழுவதைப் பார்த்துத் தலையாட்டினார்கள். தொகுஹேய்க்குப் பழைய குரல் திரும்பி வந்தது. கத்தி, உறை, வேலைக்காரன், எல்லாம் வந்தது.

பேச்சு முடிந்தபோது குசுனோசே எழுந்து நின்றார். கையில் தெங்குக் கிண்ணம்.

"எல்லாம் சரி. இதையும் குடிப்பியா?"

கேலியாகத்தான் கேட்டார். அன்றைய கலவையைக் கலக்கியதும் அவர்தான், அளந்து கலக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. கண் பார்த்தது அளவு. தொட்டியில் மிச்சமிருந்தது பாலைப்போல வெளுத்துக் கெட்டியாக இருந்தது. தொகுஹேய் அதை மொண்டு, இரண்டு கையாலும் ஏந்தி, குடித்தார். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினார். கைதட்டல் ஆற்றின் அக்கரை வரை கேட்டது.

பிறகு எல்லாரும் குசுனோசே வீட்டில் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தார்கள். பெரிய தாம்பாளத்தில் வைக்கோல் தீயில் வாட்டிய சூரை மீன். தொகுஹேய் ஒரு துண்டை எடுத்தார், வாயில் எச்சில் ஊறியது. விழுங்கினார், இன்னும் ஊறியது. மோவாயில் வழிந்தது.

"பாரு, மாரத்தானுக்குப் பசி!" என்று யாரோ சிரித்தார்கள்.

வேர்வை கொட்டியது. அறை இருட்டிக்கொண்டு வருவதுபோல் இருந்தது. நடுப்பகலில் ஏன் விளக்கை அணைத்தார்கள் என்று அவர் பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். கை தானாகத் துடித்தது. நெஞ்சை யாரோ கயிறு போட்டு இறுக்கினார்கள். தாம்பாளத்தின் மேலேயே சாய்ந்தார்.

முதலில் எழுந்தது குசுனோசே. தொகுஹேயைச் சாக்கு மூட்டையைப்போலத் தோளில் போட்டு, மூன்று சக்கர வண்டியில் கிடத்தி, மருத்துவமனைக்கு ஓட்டினார். மருத்துவர் இமையைப் பிரித்துப் பார்த்தார். கண்ணின் கருமணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அட்ரோபின் ஊசி மேல் ஊசியாக ஏறியது. சாயங்காலத்துக்குள் கருமணி விரிந்தது, மூச்சு சீரானது. ஷிகேயோ கட்டிலின் பக்கத்தில் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கு அவள் ஒரு கேலிகூடப் பேசவில்லை. அதனால்தான் தனக்கு ரொம்ப மோசமாக இருந்திருக்கிறது என்று தொகுஹேய் புரிந்துகொண்டார்.

ஹிசாதாகே பழக்கூடையோடு வந்தார். வருத்தத்தையும் உற்சாகத்தையும் ஒரே முகத்தில் வைத்துக்கொள்ளப் படாதபாடு பட்டார்.

"காரணம் தெரிஞ்சுபோச்சு மிஸோபுச்சி-சான். அந்தப் பூசண மருந்து இருக்கே, அது அந்த வேலைக்காரனோட கையைக் கட்டிப் போட்டுடுது. ஒடிக்க ஆள் இல்லாமப் போச்சுன்னா கத்தி உறையை விட்டு வெளிய வந்துடும். அதான் பூச்சி செத்துது."

"அதான் நானும் விழுந்தேனா?"

"உங்க வேலைக்காரன் கையையும் அது கட்டிடுச்சு. உங்களது வேற, பூச்சியோடது வேறன்னு அதுக்கு வித்தியாசம் தெரியல." கொஞ்சம் தயங்கினார். "நான்தான் பொறுங்கன்னு சொன்னேனே."

தொகுஹேய் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். மனிதனுக்கும் பூச்சிக்கும் நடுவில் எவ்வளவு பெரிய சுவர் என்று ஊர் ஊராகச் சொன்னாரோ, அந்தச் சுவர் ஒரே ஒரு ஆள். அந்த ஆளின் கையைக் கட்டிவிட்டால் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரி விழும்.

"சென்செய், பூச்சிக்கும் இப்படித்தான் நெஞ்சை இறுக்குமா?" என்று வாத்தியாரைக் கேட்பதுபோல் மரியாதையாகக் கேட்டார். ஹிசாதாகே அதை யோசித்ததே இல்லை போலிருந்தது. பூச்சிக்கு அந்த மாதிரி நெஞ்சு கிடையாது என்றார், மெதுவாக.

வீடு திரும்பிய அன்று கடையில் அலமாரிகள் காலி. பூச்சிமருந்தும் இல்லை, பூசண மருந்தும் இல்லை.

"யாராவது திருடிட்டாங்களா?"

"வித்துப்போச்சு" என்றாள் ஷிகேயோ. "நீங்க விழுந்த மறுநாள் காலையிலேயே வரிசை. என்ன சொன்னாலும் கேக்கல. 'மிஸோபுச்சியையே சாச்சிருக்குன்னா இதுதாம்மா மருந்து, இத்தனை நாள் எங்களை ஏன் ஏமாத்தினீங்க'ன்னு கேக்கிறாங்க. அலமாரி காலியானதும் நான் பூட்டிட்டேன். கிடைக்காதவங்க பக்கத்து ஊர்க் கடையில போய் வாங்கிட்டாங்க."

ஏழெட்டு ஆண்டுகள் சாகாமல் நின்று விற்றதைவிட, ஒரு மதியம் விழுந்து கிடந்து அதிகமாக விற்றிருந்தார். ஒசாகாவிலிருந்து கம்பெனிக்காரர் நலம் விசாரித்துத் தந்தி அனுப்பியிருந்தார். கூடவே, அந்த மாவட்டத்தில் தேவை ஏன் திடீரென்று ஏறியது என்றும் கேட்டிருந்தார்.

கால் நடுக்கம் நிற்பதற்குள் தொகுஹேய் சைக்கிளை எடுத்தார். வீடு வீடாகப் போனார். ரெண்டையும் ஒண்ணாக் கலக்காதீங்க, கலந்தே ஆகணும்னா முகத்தை மூடுங்க, கையுறை போடுங்க, காத்துக்கு எதிரா நிக்காதீங்க, உடம்பைக் கழுவாம சாப்பிட உக்காராதீங்க. ஜனங்கள் மரியாதையாகக் கேட்டார்கள். தேநீர் கொடுத்தார்கள்.

"நீதானேய்யா இத்தனை நாள் குடிச்சுக் காட்டினே?" என்றார் ஒருவர். "இப்ப விலை ஏத்தப்போறியா?"

உண்மையைச் சொல்லி நம்பவைப்பது இவ்வளவு கடினம் என்று அவருக்கு அதற்கு முன் தெரியாது. குடித்துக் காட்டினால் நம்புவார்கள். குடிக்காதே என்பதை எதைக் குடித்துக் காட்டுவது? பலன் ஒரே ஒருவரிடம் தெரிந்தது. குசுனோசே கோமணத்துணியைக் கிழித்தாவது முகத்தில் கட்டிக்கொண்டுதான் வயலில் இறங்கினார். யாராவது சிரித்தால், "அவனைத் தோள்ல தூக்கிட்டு ஓடினவன் நான். நீ தூக்கியிருந்தா நீயும் கட்டுவே" என்பார். தொகுஹேயிடம் அவர் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அறுவடை நாட்களில் மட்டும் யாரும் பார்க்காதபோது ஒரு மூட்டை அரிசி கடை வாசலில் இருக்கும்.

கடைசியில் தொகுஹேய் மொத்தமாக ரப்பர் கையுறைகளை வாங்கி, போத்தல் வாங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி இலவசம் என்று பலகை வைத்தார். இது பிடித்துக்கொண்டது. கையுறை கேட்டு அடுத்த ஊரிலிருந்தெல்லாம் ஆள் வந்தார்கள். ஆய்வு நிலையம்கூட அவரை முன்மாதிரி வியாபாரி என்று பாராட்டியது. அதை நம்பி, அவர் ஒரு நாள் சமவெளியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார்.

வயல்களில் ஆண்கள் வெறுங்கையோடு தெளித்துக்கொண்டிருந்தார்கள், காற்றுக்கு எதிரே. வீட்டுப் பின்கட்டுகளில் பெண்கள், வழவழவென்ற சிவப்புக் கையுறை போட்ட கைகளால், சூரை மீனைத் தலை கிள்ளிக் குடல் உருவிக்கொண்டிருந்தார்கள்.

"மாரத்தான்-சான்!" என்று ஒருத்தி கையை உயர்த்திக் காட்டினாள். "ரொம்ப நல்லா இருக்கு. கையில நாத்தமே ஒட்டல. இன்னும் ஒரு ஜோடி கிடைக்குமா? மாமியாருக்கு."

தொகுஹேய் சைக்கிளை நிறுத்தி, பையைத் திறந்து, கொடுத்தார்.